பேராசைக்காரன் வாத்தை அறுக்க மாட்டான்

நடுவர் ஐயா அவர்களுக்கும், மேடையில் இருக்கும் இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், களத்து நெல்லுக்குக் காவல் ஆள் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இப்போதுதான் சுண்டல் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ‘பொன்முட்டை இட்ட வாத்தைக் கொன்றது பேராசையா, பயமா?’ பேராசைதான் என்று எதிரணியில் மூன்று பேர் பேசி, கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். பயம்தான் என்று பேச வந்த அணியில் நான் கடைசி ஆள். கோரையாற்றுக் கடைமடைக்காரி. தண்ணீரும் எனக்குக் கடைசியில்தான் வரும், மைக்கும் கடைசியில்தான் வந்திருக்கிறது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒருத்தனிடம் ஒரு வாத்து. தினம் ஒரு பொன்முட்டை. விற்றான், சாப்பிட்டான், வீடு கட்டினான். ஒருநாள், தினம் ஒன்று எதற்கு, வயிற்றுக்குள் இருப்பதை மொத்தமாக எடுத்துவிடலாமே என்று கத்தியை எடுத்தான். உள்ளே குடலும் ரத்தமும்தான் இருந்தன. ஈசாப் பெயரில் கிரேக்கத்திலிருந்து வந்த கதை. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் லா ஃபோன்தேன் அதைக் கோழியாகச் சொன்னார். நம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது வாத்தாக இருந்தது. எந்தப் பறவையாக இருந்தாலும் அறுபட்டது அறுபட்டதுதான்.

என்னைப் பற்றி ஒரு வரி. முப்பத்திரண்டு வருஷம் ஒரு கூட்டுறவு சொசைட்டியில் நகைக்கடன் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். ஆனி, ஆடியில் நகை உள்ளே வரும். தை, மாசியில் வெளியே போகும். பொன்னை மட்டும் இல்லை, அதைக் கழற்றுகிற கையையும் முப்பத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இந்த அணியில் நிற்கிறேன்.

நடுவர் ஐயா, உங்களை ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் பேராசைக்காரர் என்றால் யார்? பெயர் வேண்டாம். மனதில் ஒரு முகம் வந்திருக்கும். (சிரிக்காதீர்கள், அவரும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.) பத்து வட்டிக்குக் கொடுப்பவர். அவரிடம் ஆயிரம் ரூபாய் வாங்கியவன் ஒரு வருஷம் கழித்து அசலைக் கொண்டுபோய் நீட்டினால் அவருக்கு முகம் வாடிவிடும். “அசலை இப்ப யாருப்பா கேட்டா? அது பாட்டுக்கு இருக்கட்டும். வட்டியை மட்டும் குடுத்துக்கிட்டு வா” என்பார். அவர் கையில் பொன்முட்டை வாத்து கிடைத்திருந்தால் அறுப்பாரா? அதற்குக் கூண்டு செய்வார், கூண்டுக்குப் பூட்டுப் போடுவார், நத்தை பொறுக்கிப் போட ஆள் வைப்பார், அந்த ஆளுக்கும் சம்பளத்தைப் பாக்கி வைப்பார். வாத்துக்கு ஒரு தும்மல் வந்தால் மன்னார்குடியிலிருந்து மாட்டு டாக்டரைக் கூட்டி வருவார். அந்த வாத்து கிழடாகிச் செத்தாலும் சாகுமே தவிர, அவர் கையால் சாகாது. போட்ட முதலைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றத் தெரிந்தவன்தான் பேராசைக்காரன்.

அப்படியானால் அறுத்தவன் யார்? நாளைக்கு முட்டை வரும் என்று நம்ப முடியாமல் போனவன். என் பேச்சில் மற்றதெல்லாம் இதற்குத் துணைக்கு வருவதுதான்.

எதிரணியின் முதல் பேச்சாளர், தமிழாசிரியர் ஐயா, வள்ளுவரைக் கூட்டி வந்தார்.

‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை
ஊக்கார் அறிவுடை யார்’

வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையில் இருக்கும் முதலை இழக்கிற வேலையை அறிவுள்ளவர் செய்ய மாட்டார். ஐயா, அருமையான குறள். வாத்துக் கதைக்கென்றே எழுதியது போல இருக்கிறது. ஆனால் அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று மட்டும் ஐயா சொல்லாமல் விட்டுவிட்டார். 463ஆவது குறள், தெரிந்துசெயல்வகை. பேராசையைக் கண்டிக்க வள்ளுவர் வெஃகாமை என்று தனியே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார், பதினெட்டாவது. அதைப் புரட்டிப் பாருங்கள், அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படுவதைப் பற்றித்தான் பேசுகிறது. வாத்து அவனுடைய சொந்த வாத்து. வள்ளுவரே அவனைப் பேராசைக்காரர்கள் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை, யோசிக்காமல் செய்தவர்கள் பெஞ்சில்தான் உட்கார வைத்திருக்கிறார். யோசிக்க விடாமல் செய்வது எது என்று பயந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஐயா கற்றுக்கொடுத்த பாடத்திலிருந்தே இன்னொன்று. இளையான்குடி மாறனார். நல்ல மழை, நடுராத்திரி, வாசலில் சிவனடியார், வீட்டில் மணி அரிசி இல்லை. மனைவி யோசனை சொல்கிறார், பகலில் விதைத்த நெல் வயலில் இருக்கிறதே என்று. இருட்டில் தடவிப் போய், முளைத்திருந்த விதைநெல்லை வாரி வந்து வறுத்துக் குத்திச் சோறாக்கிப் போட்டார்கள். விவசாயிக்கு விதைநெல்லைவிடப் பெரிய வாத்து உண்டா? அதை அறுத்தவர் நாயனார் ஆனார். முதலை அழித்தவன் எல்லாம் பேராசைக்காரன் என்றால் அறுபத்து மூவரில் ஒருவரை இறக்கிவிட வேண்டியிருக்கும்.

அடுத்துப் பேசிய தம்பி கொள்ளிடத்து மணலை எடுத்துக்கொண்டார். ராத்திரி லாரிகள், ஆற்றுக்குள் பள்ளம், 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனது, எல்லாம் உருக்கமாகச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் தம்பி, மணல் லாரிக்காரருக்கு ஆறு சொந்தமா? அடுத்தவன் வீட்டு வாத்தைத் தூக்கிக்கொண்டு போய் அறுத்தவன் கதைக்கு வேறு பெயர் இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷனில் சொல்வார்கள். அதைத் தனிப் பட்டிமன்றமாக வைத்தால் நானும் உங்கள் அணிக்கே வருகிறேன்.

அவரே இறால் பண்ணையையும் தொட்டார். 90களில் நாகை, சீர்காழிக் கடலோரத்தில் நெல் விளைந்த பூமி உப்புக் குட்டையானதும், சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். குட்டை வெட்ட வாங்கியவருக்குப் பேராசை, சரி. விற்றவர்? ஆறு கடலில் விழுகிற இடத்தில் நிலம். தண்ணீர் வந்தால் வடியாது, வராவிட்டால் ஒரு சொட்டும் கிடையாது. இந்த வருஷம் விலை கேட்கிறார்கள், அடுத்த வருஷம் பக்கத்து வயலில் உப்பு ஏறிவிட்டால் கேட்கவே மாட்டார்கள் என்று நடுங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். வாங்கியவரும் விற்றவரும் ஒரே பத்திரத்தில்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் தன் வாத்தைத் தானே அறுத்தவர் விற்றவர்தான்.

சரி, இனி எதிரணி கேட்ட நல்ல கேள்விக்கு வருகிறேன். “தினம் பொன்முட்டை வாங்குகிறவனுக்கு என்ன பயம்? பயப்பட வேண்டியவன் வாத்து இல்லாதவன் அல்லவா?” என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் கிரேக்கக் கதையில் இல்லை, அது ரொம்பச் சின்னக் கதை. நம் நாட்டிலேயே அதற்கு ஓர் அக்கா இருக்கிறாள். பாலி மொழியில் இருக்கும் புத்த ஜாதகக் கதைகளில், அதாவது புத்தரின் முன்பிறவிக் கதைகளில், 136ஆவது, பொன் அன்னத்தின் கதை. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நடுவர் ஐயா மணியை அடிக்காமல் இருக்க வேண்டும்.

காசியில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மூன்று பெண்கள். அப்பா செத்துப்போனார். அம்மாவும் பெண்களும் அடுத்த வீடுகளில் வேலை செய்து வயிற்றைக் கழுவினார்கள். செத்தவர் பொன் இறகுள்ள அன்னமாகப் பிறந்தார். அவருக்கு முன்பிறவி ஞாபகம் இருந்தது. என் பெண்டாட்டி பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் பறந்து வந்தார். அவர்கள் வீட்டு உத்தரத்தில் வந்து உட்கார்ந்தது அன்னம். யார் ஐயா நீங்கள் என்று கேட்டால், “நான்தான் உங்க அப்பா” என்கிறது. ஓர் இறகைப் போட்டுவிட்டுப் போனது. அதை விற்றுச் சாப்பிட்டார்கள். அப்புறம் அவ்வப்போது வரும், ஓர் இறகு தரும், போகும். குடும்பம் நிமிர்ந்துவிட்டது.

ஒருநாள் அம்மா பெண்களைக் கூப்பிட்டு என்ன சொன்னாள்? இன்னும் பெரிய வீடு வேண்டும் என்றாளா? வைரம் வேண்டும் என்றாளா? “மிருகம், பறவை மனசை நம்ப முடியாது. உங்க அப்பா ஒருநாள் வராமலே போயிட்டா என்ன செய்யறது? அடுத்த தடவை வரும்போது எல்லா இறகையும் பிடுங்கிடலாம்” என்றாள். வார்த்தை என்னுடையது, விஷயம் ஜாதகத்தில் இருப்பது. வராமலே போய்விட்டால்! அவள் வாயில் வந்தது அதுதான்.

பெண்கள் கூடாது என்றார்கள், அப்பாவுக்கு வலிக்கும் என்று. அவர்கள் சின்னப் பிள்ளைகள். அவளோ இதே மனுஷன் ஏற்கனவே ஒரு தடவை விட்டுவிட்டுப் போனதைப் பார்த்தவள். அவர் செத்த மறுமாதம் எந்த வீட்டுப் பின்வாசலில் நின்று என்ன வேலை கேட்டாள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஒரு தடவை போனவர் இன்னொரு தடவை போக மாட்டார் என்று எதை வைத்து நம்புவாள்? இல்லாதவனுக்கு இழக்க ஒன்றும் கிடையாது. வாத்து வந்த பிறகுதான் வாத்து போய்விடுமோ என்ற பயமும் வருகிறது. பழைய பசி ஞாபகம் இருப்பவளுக்கு இரண்டு மடங்காக வருகிறது. எதிரணியின் கேள்விக்கு என் பதில் அந்த அம்மாள்தான்.

அன்னம் வந்தது. இரண்டு கையாலும் பிடித்து எல்லா இறகையும் பிடுங்கினாள். அன்னத்தின் விருப்பம் இல்லாமல் பிடுங்கியதால் அத்தனையும் கொக்கு இறகு போல வெறும் வெள்ளை இறகாகிவிட்டன. பறக்க முடியாத அன்னத்தை ஒரு பெரிய சாடிக்குள் வைத்துத் தீனி போட்டாள். இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் கோபம் வர மறுக்கிறது. தீனி போட்டிருக்கிறாள், பாருங்கள். திரும்ப இறகு முளைத்தது, வெள்ளையாகவே. அன்னம் பறந்து போனது. அப்புறம் வரவில்லை.

இந்தக் கதையை எதற்குச் சொன்னார்கள் தெரியுமா? பூண்டுக்காக. ஒரு தோட்டக்காரர் பிக்குணிகளுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று பூண்டு தருவதாகச் சொல்லியிருந்தார். துல்லநந்தா என்ற பிக்குணி தோட்டத்துக்கே போய் அளவில்லாமல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் புகார் வந்தபோது புத்தர் சொன்ன முன்பிறவிக் கதை இது, அந்த அம்மாள்தான் இந்தத் துல்லநந்தா என்று. இதை எதிரணி எடுத்துக்கொண்டு, “பார்த்தீர்களா, பேராசை” என்று சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த பெண்கள் பூண்டு விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டால் மூன்று மாதத்துக்கு வாங்கி வைப்பார்கள். அவர்களை நான் பேராசைக்காரிகள் என்று சொன்னால் வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு மடை போதும்.

மேட்டூர் அணையில் 120 அடி. முழுக்க நிரம்பினால் 93.47 டி.எம்.சி. ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாள் ஆகும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, கோரையாற்றில் புகுந்து, எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது என் பேத்திக்குப் பல் முளைத்துவிடும். அணை நிறைந்திருந்து ஆற்றில் இடைவிடாமல் தண்ணீர் ஓடுகிற வருஷம் எங்கள் ஊர் விவசாயியைப் பாருங்கள். காலையில் மண்வெட்டியோடு போவார், பயிருக்கு வேண்டிய அளவு கட்டுவார், மடையை அடைத்துவிட்டுப் பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு, “மாமா, நீங்க பாய்ச்சிக்குங்க” என்பார். டீக்கடைக்கு வந்துவிடுவார்.

அணையில் தண்ணீர் குறைந்து முறை வைத்தார்கள் என்று வையுங்கள். இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு. அதே விவசாயி, அதே வயல், அதே பயிர். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு மடையில் நிற்பார். பயிர் மூழ்க மூழ்கக் கட்டுவார். இளம் பயிர் தண்ணீருக்குள் மூச்சு முட்டி அழுகும் என்று அவருக்குத் தெரியாதா? எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். தெரிந்தேதான் கட்டுகிறார். “அடுத்த முறை வருமோ வராதோ” என்கிறார். மாமாவுக்கும் அவருக்கும் கைகலப்பு ஆகிறது. இரண்டு வருஷத்துக்குள் அவர் மனதில் பேராசை எங்கிருந்து முளைத்தது? ஆசை போன வருஷம் எவ்வளவோ அவ்வளவேதான். நாளைக்குத் தண்ணீர் வரும் என்ற உறுதி மட்டும்தான் போயிருக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவே இல்லை. அந்த எட்டு வருஷத்தில் டெல்டாவில் எத்தனை வாத்துகள் அறுபட்டன என்று என் ஜன்னலைக் கேளுங்கள். தண்ணீர் நிச்சயமான வருஷம் நாற்றுக்கும் உழவுக்கும் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் நகை வைப்பார்கள். தண்ணீர் வராத வருஷம் வயலில் வேலையே இருக்காது, ஆனாலும் காதில் கிடக்கும் தோடுவரை கழற்றி வைப்பார்கள். “இருக்கட்டும் மேடம், கையில காசு இருக்கட்டும்” என்பார்கள்.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர், பேராசிரியை அம்மா சொன்ன புற்றுக் கதைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். பஞ்சதந்திரத்தில் வருவது. ஓர் ஏழை விவசாயி, ஹரிதத்தன். வயலில் ஒரு புற்று, புற்றில் ஒரு பாம்பு. தினம் பால் வைப்பான், மறுநாள் கிண்ணத்தில் ஒரு பொற்காசு கிடக்கும். ஒருநாள் வெளியூர் போகும்போது மகனிடம் பால் வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். மகன் காசைப் பார்த்தான். புற்று முழுக்கக் காசாக இருக்கும், பாம்பை அடித்துவிட்டால் எல்லாம் நமக்குத்தான் என்று தடியை ஓங்கினான். பாம்பு சாகவில்லை, கடித்தது, மகன் செத்தான்.

அம்மா, ஒப்புக்கொள்கிறேன். மகனுடையது பேராசைதான். அந்த மார்க்கை எதிரணிக்கே போடுங்கள், நடுவர் ஐயா. ஆனால் அந்த அப்பனையும் கொஞ்சம் பாருங்கள். அவனுக்கும் அதே புற்று, அதே காசு. அவனுக்கு மட்டும் காசு கசக்குமா? அவன் ஏன் தடியை எடுக்கவில்லை? விடிந்து போய்ப் பார்த்தால் காசு இருக்கும் என்று ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்துப் பழகியவன் அவன். மகனுக்கு அந்தப் பழக்கம் ஒருநாள்தான்.

கடைசியாக, நிஜ வாத்து. மேடையில் இவ்வளவு நேரமாக வாத்து வாத்து என்கிறோம், இந்தத் திடலுக்குப் பின்னால் இரண்டு வயல் தள்ளி ஆயிரம் வாத்து படுத்திருக்கிறது. சம்பா அறுப்பு முடிந்ததும் சிந்திய நெல்லுக்கும் நத்தைக்கும் ஓட்டி வருவார்களே, அவர்கள்தான். நேற்று விடியற்காலை போய்ப் பார்த்தேன். வரப்பு ஓரம் வலை கட்டிப் பட்டி போட்டிருக்கிறார்கள். வாத்து விடிவதற்கு முன் முட்டை போட்டுவிடும். இருட்டு பிரியும்போது வாத்தை வெளியே விட்டுவிட்டு, அந்தச் சேற்றில் வெள்ளை வெள்ளையாகக் கிடப்பதை ஓர் அம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டே வந்தார். சேறு அப்பிய முட்டையை முந்தானையால் துடைத்துக் கூடையில் வைக்கிறார், ஒன்றோடு ஒன்று மோதாமல்.

“ஏம்மா, முட்டை போடுற வாத்தை அறுத்தா உள்ள என்ன இருக்கும்?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்ல வேளை, பட்டிமன்றத்துக்குக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. “கரு இருக்கும்மா. கொத்துக் கொத்தா. கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு, அதைவிடச் சின்னது ஒண்ணு, கடுகாட்டம் நிறைய” என்றார். கோழி அறுத்துச் சுத்தம் செய்த பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும், திராட்சைக் கொத்து போல மஞ்சளாக இருக்கும். ஒரு கரு முட்டையாக வெளியே வர ஏறக்குறைய ஒரு முழுநாள் ஆகும். அதில் பெரும்பகுதி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். உள்ளே நாளைய முட்டையும் மறுநாள் முட்டையும் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் அவை முட்டையாக இல்லை, நாளாக இருக்கின்றன. இது தெரிந்த வீட்டில் லாபக் கணக்குப் போட்டு யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள். கணக்கே ஓடாத நிலைமையில்தான் எடுப்பார்கள்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இன்னொன்று சொன்னார். “நீங்க நேத்து ராத்திரி கோயில்ல வெடி போட்டீங்கல்ல, இன்னைக்கு நூறு முட்டைக்கு மேல குறைஞ்சிருக்கு மேடம். நாய் புகுந்தாலும் இப்படித்தான். பயந்துச்சுன்னா நிறுத்திடும். ரெண்டு நாள் மூணு நாள் ஆவும் திரும்பப் போட.” கமிட்டிக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள், இன்றைக்கு வாண வேடிக்கையை அந்தப் பக்கம் வைக்காதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதைச் சொல்லிவிட்டேன். பயந்தால் வாத்துக்கு முட்டை நின்றுவிடுகிறது. மனுஷனுக்கு வேறு என்னென்னவோ நின்றுவிடுகிறது.

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார். இரண்டே நிமிஷம்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அந்தத் தை மாதம், நகை மீட்க வேண்டிய மாதத்தில், என் ஜன்னலுக்கு ஓர் அம்மா வந்தார். நகைக்கு வட்டி கட்ட. நோட்டு எல்லாம் புதுசு. மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுக்கும்போது கூடவே ஒரு பழைய கயிறு வந்து கவுண்டரில் விழுந்தது. மாட்டுக்கயிறு. கழுத்துப் பட்ட இடம் எண்ணெய்ப் பிசுக்கேறிப் பளபளவென்று இருந்தது.

“மாட்டை வித்துட்டீங்களா?”

“ஆமாம்மா. காலையில ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.”

அந்த மாட்டை எனக்குத் தெரியும். ரெண்டு வேளையும் பால் சொசைட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்த மாடு. அன்றைக்குக் காலையிலும் கறந்திருந்தார். வைக்கோல் இன்னும் ஒரு மாதத்துக்கு இருந்தது என்று அவரே சொன்னார். “அப்புறம் ஏம்மா?” என்றேன். “வைக்கோல் தீர்ந்தப்புறம் வித்தா எலும்பு விலைக்குக் கேப்பாங்க. மாசியில எல்லாருமா ஓட்டிக்கிட்டு வந்துட்டா எவன் வாங்குவான்? அதான் பால் இருக்கையிலயே...” முடிக்கவில்லை. கயிற்றை எடுத்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டோம் இல்லையா, வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்துதான் பிடித்துப் போக வேண்டும்.

எதிரணி நண்பர்களே, பால் கறந்துகொண்டிருந்த மாட்டை விற்றவர் இவர். கதைப்படி வாத்தை அறுத்தவர். இவரைப் பேராசைக்காரி என்று சொல்ல உங்களில் யாருக்காவது நாக்கு வருமா?

2020இல் ஜூன் 12ஆம் தேதிக்கே மேட்டூர் திறந்தது. அந்த ஆடியில் அவர் மறுபடி வந்தார். கறவை மாட்டுக் கடனுக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக்கொண்டே, “கயிறு புதுசு வாங்கணுமா?” என்று சும்மா கேட்டேன்.

“எதுக்கு? பழசு ஆணியிலதான் தொங்குது” என்றார்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.